தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி

பண்டைத் தமிழ் வேந்தருள் சிலர் புகழ் பாட்டிலே நின்றது. சிலர் புகழ் கல்லிலே நின்றது. மிகச் சிலர்க்கே பாட்டு, கல், ஊர்ப்பெயர் ஆகிய மூன்றிலும் நிற்கும் பேறு வாய்த்தது. அங்ஙனம் வாய்த்தவருள் ஒருவன் தகடூர் மன்னனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் என்பது இன்றைத் தருமபுரி. அதற்குத் தெற்கே, சேலம் செல்லும் பெருவழியில், அதியமான்கோட்டை என்னும் ஊர் அவன் குடிப்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கடந்த விடுமுறையில் நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். அன்பு மிக்க முதியவர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்று, பழைய அரண் இருந்த இடத்தையும், சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்திலுள்ள ஓவியங்களையும் காட்டினார். அவர் காட்டிய யாவற்றையும் அதியமான் செய்தது என்றே கூறினார். அவ்வோவியங்கட்கும் ஔவையார் பாடிய அஞ்சிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கால இடையீடு உண்டு என்பதை நாம் அறிந்திருந்தோம். ஆயினும் அவர் பெருமிதத்தைக் குலைக்க விரும்பாது வாளா இருந்தோம். ஒரு திங்கள் கழித்து அவர் செய்த பிழையையே, அதனினும் பெரிதாக, நாமே செய்யப் போகின்றோம் என்பதை அன்று அறிந்திலேம்.

அது நிகழ்ந்தவாறு கூறுவாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் எமக்கு, சங்க காலத் தலைவன் ஒருவன் வரலாற்றைத் தொகுத்தெழுதுமாறு எம் ஆசிரியர் பணித்தார். நாம் அஞ்சியைத் தேர்ந்துகொண்டு, கணிப்பொறியின் விரிதாளிலே மூன்று தாள்கள் வகுத்தோம். முதற்றாளில் தொகை நூற் பாடல்களையும் அவற்றின் அடிக்குறிப்புக்களையும் நிரை நிரையாக எழுதினோம். இரண்டாவதில் பதிற்றுப்பத்தின் பதிகச் செய்திகளை எழுதினோம். மூன்றாவதில் கல்வெட்டுக்களை எழுதினோம். பின்னர், ஒரு தாளிலுள்ள பெயர்க்கு மற்றொரு தாளிலே பொருந்தும் நிரை யாது எனத் தேடித் தருமாறு பொறியைப் பணித்தோம். நாம் இட்ட நிபந்தனை ஒன்றே. அதியன், அதிகன், அதிகமான், அதியமான் என்னும் வடிவங்கள் யாவும் ஒருவனையே குறிக்கும் என்று கொண்டு பெயரை மட்டும் ஒப்பிடச் செய்தோம். பொருந்துவன பல இருப்பின் முதலிற் கண்டதனையே எடுத்துத் தருதல் அத்தேடலின் இயல்பு. அது எடுத்துத் தந்தது குறுந்தொகை 393-ஆம் பாட்டின் நிரை. அதன்படி அதிகன் என்பான் பசும்பூண் பாண்டியனுக்கு வினைசெய்து வாகை என்னும் களத்தில் தன் யானையொடு வீழ்ந்தவன். அது கண்டு கொங்கர் ஆர்த்தனர். நாம் அதனையே அஞ்சியின் இறுதியாக எழுதிக் கொடுத்தோம். தன்னுரிமையோடு ஆண்ட ஒரு குறுநில மன்னனைப் பிறனொருவன் படைத்தலைவனாக்கி, அவன் காணாத களத்திலே அவனை மாய்த்துவிட்டோம்! ஆசிரியர் கடிந்திலர், அவ்வொரு வரியின் கீழ்க் கோடிட்டுத் தாளைத் திருப்பித் தந்தனர். அக்கோட்டிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

நிற்க. இனி அஞ்சியின் வரலாற்றைக் காண்போம்.

அதியர் என்பது மிகப் பழைய குடி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோக மன்னன் பொறித்த இரண்டாம் பாறைக் கட்டளையிலே, மக்கட்கும் விலங்குகட்கும் மருத்துவ உதவி செய்யப்பெற்ற எல்லைப்புற நாடுகளைக் கூறுமிடத்து, சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சதியபுத்திரர் என்பாரும் கூறப்பட்டுள்ளனர். இச்சதியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் அறிஞரிடை வழக்காக இருந்தது. ஊர்ப்பெயர் ஒலி ஒப்புமை கொண்டு ஒவ்வொருவர் ஒவ்வோரிடத்தைச் சுட்டினர். அதியரே அவர் எனக் கருதியோரும் இருந்தனர். ஆயினும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவார் இலர்.

அக்குடியிற் பிறந்த நெடுமான் அஞ்சி மழவர்க்குத் தலைவன். கரும்பினை இந்நாட்டுக்குக் கொணர்ந்த பெருமையை அவன் முன்னோர்க்கு ஏற்றிப் பாடுகின்றார் ஔவையார். மலையும் காடும் சூழ்ந்த வன்புலம் அவன் நாடு. வேந்தர் மூவரோடு ஒப்பிடின் சிறியது. ஆயினும் அவன் புகழ் அம்மூவர் புகழினும் குறைந்ததன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவன் எண்ணப்பட்டான்.

அவனுடைய கொடைகளுட் சிறந்தது பொன்னன்று, பொருளன்று. ஒரு நெல்லிக் கனி. பெருமலைப் பிளவிலே அரிதிற் பெற்றதும், உண்டாரை நெடுங்காலம் வாழச் செய்வது என்று கருதப்பட்டதுமாகிய அக்கனியை, அதன் பயனை வெளியிடாது தன்னுள்ளே அடக்கிக்கொண்டு, ஔவையார்க்கு அளித்தான். தன் வாழ்நாளினும் ஒரு புலவர் வாழ்நாளே நாட்டுக்கு வேண்டுவது என அவன் துணிந்தான் போலும். அத்துணிவு வீண்போகவில்லை. சங்கத் தொகையுள் ஔவையார் பெயரால் 59 பாடல்கள் உள. அவற்றுள் 33 புறநானூற்றைச் சேர்ந்தவை. அப்புறப்பாட்டுக்களிற் பெரும்பாலன அஞ்சியையும் அவன் குடியையும் பற்றியனவே. கனி தந்தவன் மாய்ந்தான். ஆயினும் கனி பெற்றவர் சொல்லால் அவன் இன்றும் வாழ்கின்றான்.

அவனுக்கும் ஔவையார்க்கும் இருந்த உறவு புரவலன் இரவலர் என்ற அளவில் நின்றதன்று. அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் அவரே. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, நெய் பூசி மாலை சூட்டி அழகுற வைத்திருந்த அக்கருவிகளைப் புகழ்வார்போல் புகழ்ந்து, தம் தலைவன் வேல்களோ முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார். போர்ப்பயிற்சி யாரிடத்தது என்பதைத் தொண்டைமான் உணர்ந்திருப்பான். பெண்பாலார் ஒருவர் ஈரரசர் இடையே தூது சென்ற செய்தி, நம் இலக்கியம் பெருமையோடு காத்து வைத்த செய்திகளுள் ஒன்று.

அவனிடத்துக் குறையே இல்லை என்றும் புலவர் பாடிற்றிலர். ஒருகால் பரிசில் நீட்டிக்கவே, ஔவையார் வாயில் காவலனை நோக்கிச் சினந்து, அறிவும் புகழும் உடையார்க்கு உலகம் சுருங்கிவிடவில்லை என்று பாடிப் புறப்படலாயினர். பிறிதொருகால் பெருஞ்சித்திரனார் அவனைக் காணச் சென்றபோது, அவன் அவரைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். காணாது ஈந்த பொருளைக் கொள்ளத் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்று அவர் மறுத்துவிட்டனர். இவ்விரு செய்திகளும் அஞ்சிக்கு இழுக்காகா என்பது எம் கருத்து. தன்னைக் கடிந்த பாட்டும் தன் பெயரோடு நிற்க இடந்தந்த மன்னன், முகமன் பாட்டு மட்டுமே பெற்ற மன்னனினும் உயர்ந்தவனாவான். பல நாட் சென்றாலும், பலரொடு கூடிச் சென்றாலும், முதல் நாட்போன்றே விருப்புடையவன் அவன் என்று பாடியவரும் அவ்வௌவையாரே.

போரில் அவன் அஞ்சாதவன். திருக்கோவலூர் என்று இன்று வழங்கும் கோவலூரை எறிந்து வென்றான். அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையார் தம் பாட்டொன்றிற் குறிக்கின்றார். போர்க்களத்தினின்று மீண்டவன் தனக்குப் பிறந்த மகனை முதன்முதற் காண வந்தான். பகைவரை நோக்கிச் சிவந்த கண், மகனை நோக்கியும் சிவப்பு மாறிற்றில்லை என்னும் காட்சியை ஔவையார் படைத்துள்ளார். அம்மகனே பொகுட்டெழினி என்பர்.

கோவலூர் மலையமான் திருமுடிக்காரிக்கு உரியது. அதனை இழந்த காரி சேரரைச் சார்ந்தான் என்றும், அதுவே பின்வந்த பெரும் போருக்கு வித்தாயிற்று என்றும் வரலாற்றறிஞர் பலர் கருதுவர். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குத் தலைவன் பெருஞ்சேரல் இரும்பொறை. கொல்லிக் கூற்றத்திலே அதிகமானையும் அவனோடு கூடிய இருபெரு வேந்தரையும் ஒருங்கே வென்று, பின் தகடூரை எறிந்தான் அவன் என்று அப்பத்தின் பதிகம் கூறும். தகடூர் எறிந்த என்பது அவன் பெயர்க்கு முன் நிற்கும் அடையாகவே ஆயிற்று. அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுதும் கிடைத்திலது. புறத்திரட்டிலும் உரையாசிரியர் மேற்கோளிலும் சிதறிய பாடல்களே எஞ்சியுள.

அப்பத்தினைப் பாடியவர் அரிசில்கிழார். சேரன் தன் அரசு கட்டிலையும் ஒன்பது நூறாயிரம் காணத்தையும் அவர்க்கு அளிக்க, அவர் அரசை ஏலாது அமைச்சுரிமையே ஏற்றார் என்பது பதிகச் செய்தி. அங்ஙனம் வென்றவனைப் பாடிய அவரே, தகடூர்ப் போரில் வீழ்ந்தவனையும் பாடினார். புறநானூற்று 230-ஆம் பாட்டு அது. அவன் ஆட்சியிலே கன்றும் ஆவும் காட்டில் அச்சமின்றித் தங்கின. வழிப்போக்கர் விரும்பிய இடத்தே இளைப்பாறினர். அத்தகையோனைக் கொண்ட கூற்றுவன், விதை நெல்லை உண்ட உழவனைப்போலத் தனக்கே கேடு சூழ்ந்தான் என அரிசில்கிழார் அரற்றுகின்றார். வெற்றி பெற்றோன் அவைக்களத்திலிருந்து தோற்றோன் பொருட்டு இங்ஙனம் வருந்திய உள்ளம் பெரிது; அதனைப் பொறுத்த சேரன் உள்ளமும் சிறிதன்று.

ஈண்டுத்தான் எம் ஆசிரியர் இட்ட கோடு எமக்கு வழிகாட்டிற்று. அப்பாட்டின் அடிக்குறிப்பு, வீழ்ந்தவன் பெயரை அஞ்சி என்று கூறவில்லை. அதியமான், எழினி என்றே கூறுகின்றது. எழினி என்பவன் அஞ்சியோ, அன்றி அவன் மகன் பொகுட்டெழினியோ, வேறொருவனோ? பெயர் ஒன்றே கொண்டு விடை காணல் இயலாது என்பதை வாகைக் களத்திலே கற்றுக்கொண்டோம். ஆதலின் விரிதாளைத் திருத்தினோம். முதலிற் பெயரின் பலவேறு வடிவங்கட்கும் ஒரு பொதுவடிவு குறித்துத் தனிப்பத்தி அமைத்தோம். ஔவையார், அவ்வையார் என்னும் எழுத்து வேற்றுமைகூடப் பொறியை ஏமாற்றும் அன்றோ? பின்னர் ஊர், பகைவன், பாடிய புலவர், காலம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்தி வகுத்தோம். ஒரு நிபந்தனை மட்டும் பொருந்திய நிரையைக் கொள்ளாது, பல நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்தும் நிரைகள் யாவற்றையும் தருக எனப் பணித்தோம்.

முதலில் வாகைப் பாட்டை ஆராய்ந்தோம். பெயர் பொருந்திற்று. புலவர் பரணர்; அவர் அஞ்சியின் கோவலூர் வெற்றியைப் பாடியவராதலின் அதுவும் பொருந்திற்று. இரண்டு பொருந்தியும் ஊர் பொருந்தவில்லை. தலைவனது நிலையும் பொருந்தவில்லை. ஒரு நிபந்தனையினும் இரண்டு நன்று. ஆயினும் இரண்டும் போதா என்பதை அந்நிரை எமக்கு அறிவுறுத்திற்று. அதனை அஞ்சியின் வரலாற்றினின்றும் நீக்கினோம்.

அடுத்து எழினியின் நிரை. ஊர் தகடூர்; நிகழ்ச்சி தகடூர்ப் போர்; புலவர் அரிசில்கிழார்; இம்மூன்றும் எட்டாம் பத்தோடு பொருந்தின. குடியும் பொருந்திற்று. எஞ்சியது எழினி என்னும் இயற்பெயர் ஒன்றே. அதற்கு வேறிரு பட்டியல்கள் துணைவந்தன. கடையெழு வள்ளல்களைப் பெருஞ்சித்திரனார் புறநானூறு 158-இல் எண்ணுகின்றார். நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் எண்ணுகின்றார். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினோம். பாரி, ஓரி, காரி, பேகன், ஆய், நள்ளி என்னும் அறுவரும் இரண்டிலும் உளர். ஏழாமவன் மட்டும் ஒன்றில் எழினி, மற்றொன்றில் அதிகன். அவ்வதிகனே ஔவைக்கு நெல்லி ஈந்தவன் என்று சிறுபாணாற்றுப்படை தெளிவாகக் கூறுதலின் அவன் அஞ்சியே. எனவே, பெருஞ்சித்திரனார் கூறிய எழினியும் அஞ்சியே எனக் கொள்ளுதல் பெரிதும் பொருந்தும். அஞ்சியை நேரே அறிந்து, அவன் பரிசிலை மறுத்த புலவர் அவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும் மகன் பெயரிலும் எழினி என்பது உளது. ஆதலின் அது குடிக்கே உரிய பெயராகவும் இருந்திருக்கலாம். தகடூர்ப் போரில் வீழ்ந்தவன் தந்தையே என்பதற்குச் சான்று மிகுதி. மகன் அல்லன் என்பதற்கு முடிந்த சான்று இல்லை. இந்நிலையில் அக்கட்டத்தை நிரப்பி முடித்துவிட எம் கை விழைந்தது. பட்டியலிலே வெற்றுக் கட்டம் ஒன்றிருப்பின் பணி குறையுற்றதுபோல் தோன்றும் அன்றோ? எனினும் அஞ்சியே ஆதல் கூடும் என்று மட்டும் எழுதி நிறுத்தினோம். அவன் இறந்த செய்தியில் ஐயமில்லை. ஈம எரியின் முன்னும், மயிற்பீலி சூட்டிக் கள் படைத்த நடுகல்லின் முன்னும் நின்று ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டுக்கள் உள. அவை பகைவன் பெயரையோ களத்தின் பெயரையோ கூறவில்லை. துயரம் மிக்கார்க்கு அவை வேண்டியன அல்ல; பின்வந்த நமக்கே வேண்டியன.

இனி, மூன்றாந்தாளாகிய கல்வெட்டுத் தாளின் பயனைக் கூறுவாம். 1981-ஆம் ஆண்டில், தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறையினர் திருக்கோவலூருக்கு அண்மையிலுள்ள சம்பை என்னும் ஊரின் குன்றிலே, குகைத்தளம் ஒன்றில் பழந்தமிழ் எழுத்தாலாகிய கல்வெட்டொன்றைக் கண்டனர். சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி அது என்பது அதன் பொருள். ஐராவதம் மகாதேவன் அதன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்பர். ஒரே வரி; ஆனால் எத்தனை பொருத்தம்! குடிப்பெயர், இயற்பெயர், பட்டப்பெயர் மூன்றும் ஒரே நிரையில் ஒருங்கே நிற்கின்றன. அசோகன் கூறிய சதியபுத்திரர் அதியரே என்பது அதனால் உறுதிப்பட்டது. ஔவையார் பாடிய அஞ்சி கற்பனைத் தலைவன் அல்லன் என்பதும் உறுதிப்பட்டது. கல் கிடைத்த இடமோ, அவன் வென்றதாகப் பாட்டுக் கூறும் கோவலூரின் பக்கல். ஆகவே பாட்டும் கல்லும் ஊராலும் பொருந்தின.

இங்கும் ஒரு பிழைக்கு இடமுண்டு. பட்டப்பெயர் ஒன்றே என்று கொண்டு அஞ்சியை அசோகன் காலத்தவனாக்குதல் கூடாது. இடையே இருநூறு முந்நூறு ஆண்டுகள் உள. பொருந்துவது குடியின் பெயர், ஆள் வேறு. அவ்வாறே பிற்காலத்தும் அதியர் பலர். நாமக்கல்லிலுள்ள அரங்கநாதர் குடைவரைக் கோயில் அதியர் குலத்தான் குணசீலன் என்பான் 8-ஆம் நூற்றாண்டளவில் எடுப்பித்தது. போளூருக்கு அண்மையிலுள்ள திருமலையில், இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுக்கி வைத்த விடுகாதழகிய பெருமாள் தகடூர்த் தலைவன். 12, 13-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவன். தன்னைச் சேரர் மரபினனாகவும் எழினியின் வழியினனாகவும் கூறிக்கொண்டவன். பெயர் ஒன்றையே தேடிய எம் முதற்பட்டியலில் இவர் யாவரும் ஓராளாகவே நின்றனர். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த ஓர் அதியமானை நாம் படைத்திருந்தோம்! நெல்லிக் கனியைத் தானே உண்டிருந்தாலும் அவ்வளவு வாழ்ந்திரான்.

இம்முறை எமது புத்தாக்கம் அன்று. பொறி இல்லாத காலத்தே, 1894-இல் புறநானூற்றை முதன்முதல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரவர்கள், ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடினோர், பாடப்பட்டோர் வரலாறுகளைத் தொகுத்துத் தந்தனர். 1932-இல் கா. நா. சிவராச பிள்ளையவர்கள் சங்கப் புலவரையும் அரசரையும் தலைமுறை தலைமுறையாக நிரைப்படுத்திப் பழந்தமிழர் கால வரலாற்றை ஆராய்ந்தனர். அவர் முடிபுகள் சிலவற்றைப் பிற்காலத்தார் ஏற்றிலர் எனினும், ஒரு புலவர் பாடிய இருவர் ஒரு காலத்தவர் ஆதல் கூடும் என்று பல சான்றுகளை இணைத்து நோக்கிய அவர் நெறி போற்றத்தக்கது. அவர்கள் பல்லாண்டு கண்ணும் கையும் வருந்தச் செய்ததைப் பொறி நொடியிற் செய்கின்றது. ஆயினும் எவ்வெவ்வற்றை ஒப்பிட வேண்டும் என்பதைப் பொறி அறியாது. அதனைக் கூற வேண்டியவர் நாமே.

திருத்திய கட்டுரையை ஆசிரியர்பால் அளித்தபின் மீண்டும் ஒருமுறை அதியமான்கோட்டைக்குச் சென்றோம். அம்முதியவரைக் கண்டு, சம்பைக் கல்வெட்டின் செய்தியை அவர்க்குக் கூறினோம். தம் ஊர்ப்பெயர்க்குரியோன் ஒருவன் பெயர் பத்தொன்பது நூற்றாண்டுக்கு முன் கல்லிலே பொறிக்கப்பட்டு, இன்றும் படிக்கக் கிடைக்கின்றது என்று கேட்டு அவர் நெடுநேரம் ஒன்றும் பேசிற்றிலர். பின்னர், கோயில் ஓவியங்கள் அவன் காலத்தன அல்லவோ என்று தாமே வினவினர். அல்ல என்றோம். அவர் வருந்தவில்லை, அவை யார் செய்தன என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை கூற எம்பால் இன்னும் ஒரு தாள் இல்லை. அதனைத் தொகுப்பதே வரும் விடுமுறைக்கு எம் பணி. இவ்வூரையும் இதுபோன்ற தம் ஊர்களையும் நேசிக்கும் மாணவ நண்பர்கள், தத்தம் ஊரிலே பெயரளவில் ஒன்றாய்க் கலந்து கிடக்கும் முன்னோரை வேறு வேறாகப் பிரித்தறிந்து, ஒவ்வொருவர்க்கும் உரிய புகழை உரியவர்க்கே வழங்குவாராக.